சட்டை மாறினால் ஆள் மாறுமா?

பழைய துப்பறியும் கதாநாயகர்களைத் தூசி தட்டி எடுத்து, இக்காலத்துச் சட்டை மாட்டித் தொலைக்காட்சித் தொடர்களில் உலவவிட வேண்டும் என்னும் பேச்சு, நம்மவருள் இலக்கிய அபிமானிகள் கூடுமிடங்களிலெல்லாம் கேட்கிறது. ஜே. ஆர். ரங்கராஜுவின் கோவிந்தனுக்கு ஒரு கைத்தொலைபேசியைக் கொடுங்கள். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரை ஒரு மோட்டார் வண்டியில் ஏற்றுங்கள். ஆரணி குப்புசாமி முதலியாரின் ஆனந்தசிங்குக்கு முன்னால் ஒரு கணினியை வையுங்கள். ஷெர்லாக் ஹோம்ஸுக்கு ஆங்கிலேயன் செய்ததைத் தமிழன் செய்யலாகாதா என்று கேட்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் செய்யப் புகுமுன் ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். மாற்றப் போவது சட்டையையா, சட்டைக்குள் இருக்கும் ஆளையா? சட்டையை மட்டுமே என்றால், அவ்வேலைக்குத் தையற்காரன் போதும், எழுத்தாளன் வேண்டுவதில்லை.

முதலில், எதையும் மாற்றவே கூடாது என்பாரைக் கவனிப்போம். மூலத்தில் கைவைப்பது பாவம் என்பது இவர்கள் வாதம். இதற்குப் பெயர் இலக்கியப் பக்தியன்று, இலக்கியத் தீண்டாமை. ஹோம்ஸின் முதற்கதை 1887ல் வெளிவந்தபோது அவன் பழங்காலத்து மனிதனாக எழுதப்பட்டவனல்லன். தந்தியும், ரயிலும், இரசாயனச் சாலையும், மாலைப் பத்திரிகை விளம்பரமும் கொண்டு அன்றைய லண்டனில் அன்றைய ஆளாகவே அவன் நடமாடினான். 1942ல் பாசில் ராத்போன் நடித்த படங்களில் அவன் ஹிட்லரின் ஒற்றர்களைத் தேடிப் பிடித்தான். ஆகவே புதுக்காலத்துக்கு அவனைக் கொண்டுவருவது புதிய அபசாரம் ஒன்றுமில்லை. கோனன் டாயில் செத்த காலத்தை எழுதவில்லை. நாம் மட்டும் ஏன் அவர் எழுத்தைச் செத்த காலத்தில் கட்டிப்போட வேண்டும்?

நிற்க. மாற்றலாம் என்பாரின் பெரிய சாட்சி, 2010ல் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் வெளியிட்ட 'ஷெர்லாக்' என்னும் தொடர். ஸ்டீவன் மோபட், மார்க் கேட்டிஸ் என்னும் இருவர் ஆக்கியது; பெனடிக்ட் கம்பர்பேட்ச் என்பார் நடித்தது. அதில் எல்லாரும் மெச்சுவது கைத்தொலைபேசிச் செய்திகள் திரையில் எழுத்தாக மிதந்ததை. நாம் மெச்சுவதோ வேறொன்றை. மூலக்கதையில் டாக்டர் வாட்சன், 1880ல் ஆப்கானிஸ்தானத்து மைவாண்ட் போரில் குண்டடிபட்டுத் திரும்பியவன். 130 ஆண்டு கழித்துத் தொடரை எடுத்தவர்கள் அந்த வாசகத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை. 2010லும் ஆங்கிலச் சிப்பாய் ஆப்கானிஸ்தானத்தில்தான் குண்டடி பட்டுக்கொண்டிருந்தான்! போர் மாறாதிருக்கச் சட்டை மட்டும் மாறியிருப்பதைக் கண்டவன் ஒரு கணமேனும் திடுக்கிட்டிருப்பான். அந்தத் திடுக்கீடுதான் புதுப்பித்தலின் பயன்.

2012ல் அதே தொடர் 'பாஸ்கர்வில் வேட்டை நாய்' கதையைக் கையாண்ட விதமும் அப்படியே. மூலக்கதையில் ஒரு குலத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பிடித்த பிசாசு நாய் என்று ஊரார் நடுங்கினர். ஹோம்ஸ் வந்து, பேயென்று ஊர் நம்பியதை நாயென்று காட்டினான். சொத்துக்கு ஆசைப்பட்ட ஒருவன் பாஸ்பரம் பூசி ஏவிய வெறும் நாய். புதிய தொடரில் அந்தப் பயத்தைப் பிறப்பித்தது இராணுவ ஆராய்ச்சிச் சாலையில் பிறந்த நச்சுப்புகை. அக்காலத்து மனிதன் பேய்க்கு அஞ்சினான். இக்காலத்து மனிதன் சர்க்காரின் இரகசியத்துக்கு அஞ்சுகிறான். பயம் இடம் மாறியதை அறிந்து கதையும் இடம் மாறியது. இதுவே ஆளை மாற்றுவது.

ஆனால் அதே தொடரின் இரண்டாம் கதையான 'தி பிளைண்ட் பேங்கர்' என்பதைப் பாருங்கள். சீனர் என்றாலே கடத்தற்காரர், மர்மக் கூட்டத்தார், சர்க்கஸ் வித்தைக்காரர் என்னும் நூறாண்டுப் பழைய பித்தலாட்டம் அங்கே புதுக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது; அதற்காகக் கண்டனமும் பெற்றது. இதன் வேர் மூலத்திலேயே உண்டு. 1890ல் வந்த 'நால்வர் குறி' என்னும் நாவலில், ஆக்ராவில் ஓர் இந்திய வியாபாரியைக் கொன்று பறித்த பொக்கிஷம் கதைக்குக் காரணமாயிருக்க, வாசகன் அருவருக்க வேண்டிய மிருகமாக வர்ணிக்கப்பட்டவன் யார்? அந்தமான் தீவுப் பழங்குடி மகன் ஒருவன்! ஆங்கிலம் வழியே படித்த நம் போன்றோர் இக்கதையைப் பள்ளி வயதில் வாயைப் பிளந்துகொண்டு படிக்கிறோம். படிப்பவன் நிறமும் அந்தமான்காரன் நிறமும் ஒன்றே என்பதை எந்த ஆசிரியரும் சுட்டிக்காட்டுவதில்லை. தந்திக்குப் பதில் தொலைபேசி வந்தது. துவேஷத்துக்குப் பதில் என்ன வந்தது? ஒன்றுமில்லை. சட்டை மாறி ஆள் மாறாத கேடு இதுதான்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். துப்பறியும் கதையைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள் சட்டை மாற்றியதோடு நின்றவர்களா? 1894ல் நடேச சாஸ்திரியார் 'தானவன்' என்னும் போலீஸ் நிபுணனைப் படைத்தார். 1908ல் ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' வந்தது. நாடக மேடையையும் பிறகு சினிமாவையும் ஆண்டது. இவர்கள் மேனாட்டிலிருந்து அச்சை வாங்கினார்கள் என்பது உண்மை. வாங்கியதை நாம் குறை கூறோம். வாங்கிய துப்பறிவோனின் விரல் எதை நோக்கி நீண்டது என்பதே கேள்வி. 'சந்திரகாந்தா'வில் ரங்கராஜு அவ்விரலை மடாதிபதியின் மேல் நீட்டினார். காவியுடைக்குள் இருந்த காமத்தையும் கபடத்தையும் அக்காலத்தில் அச்சில் ஏற்றுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். 1936ல் அது படமாகவும் வந்தது. ஹோம்ஸின் பூதக்கண்ணாடியை வாங்கித் தமிழனின் மடத்துக்குள் பிடித்தார் பாருங்கள், அவரே முதல்தரமான புதுப்பிப்பாளர்.

அப்படியென்றால் அக்கதைகளை அப்படியே எடுத்துத் திரையில் விடலாமே என்பீர்கள். விடலாகாது. அக்காலத்து நாவல்களில் மருந்தும் உண்டு, விஷமும் உண்டு. வடுவூராரின் 'மேனகா' 1935ல் டி. கே. எஸ். சகோதரர்களைத் திரையுலகுக்குக் கொண்டுவந்த புகழ்பெற்ற கதை. அதில் கதாநாயகியைப் பாடாய்ப் படுத்தும் கொடியவர்கள் யார்? கணவனின் உடன்பிறந்த விதவைகள். தலையை மழித்து மூலையில் தள்ளிய சமூகம் குற்றவாளியாகவில்லை, தள்ளப்பட்டவள் குற்றவாளியாகிறாள். 1950ல் மாடர்ன் தியேட்டர்ஸார் எடுத்த 'திகம்பர சாமியா'ரில் எம். என். நம்பியார் வேடத்தின் மேல் வேடம் போட்டு ஜனங்களை மயக்கினார், மெச்சத்தக்க நடிப்பே. ஆயினும் இவ்வகைக் கதைகளில் துப்பறிவோன் பெரும்பாலும் எதைக் காப்பாற்றுகிறான் என்று எண்ணிப் பாருங்கள்: பெரிய வீட்டின் சொத்தையும், பெரிய வீட்டுப் பெண்ணின் கற்பையும். எதை முதலில் சந்தேகிக்கிறான்? வேலைக்காரன் முகத்தையும், தாசி வீட்டு வாசலையும். இந்தக் கண்ணை அப்படியே வைத்துக்கொண்டு அதன்மேல் புதுக் கண்ணாடி மாட்டினால் பார்வை திருந்திவிடுமா?

சமீப காலத்தில் தமிழில் இம்முயற்சி நடக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. 2017ல் மிஷ்கின் இயக்கி விஷால் நடித்த 'துப்பறிவாளன்' ஹோம்ஸைத் தமிழனாக்கியது; அவனுக்குச் சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனின் பெயரையும் சூட்டியது. அதில் ஒன்றை நாம் மனமாரப் புகழ்வோம். செல்வர் வீட்டு வழக்கைத் தள்ளிவிட்டு, தன் நாயைச் சுட்டவர் யார் என்று உண்டியற் காசோடு வந்து நிற்கும் ஒரு சிறுவனின் வழக்கை அத்துப்பறிவோன் ஏற்கிறான். சபாஷ்! ஆனால் என்ன பயன்? அதே வீரன், பிக்பாக்கெட் அடித்துப் பிழைக்கும் ஓர் ஏழைப் பெண்ணைத் திருத்துகிறேன் என்று அவள் கையில் துடைப்பத்தைக் கொடுத்துத் தன் வீட்டைப் பெருக்க வைக்கிறான். உலகத்தார் அனைவரும் உறவினர் என்று பாடிய புலவனின் பெயரைத் தாங்கியவனுக்குப் பெண்பிள்ளை மட்டும் உறவாகவில்லை போலும்! அமெரிக்காவிலோ அதற்கு ஐந்தாண்டு முன்னரே, 2012ல் தொடங்கிய 'எலிமென்டரி' என்னும் தொடரில், வாட்சனே பெண்ணானாள். லூசி லியு நடித்த அவ்வைத்தியப் பெண் துப்பறியும் தொழிலைக் கற்றுத் தானே வழக்குகளை அவிழ்த்தாள். அங்கே பெண்ணின் கையில் பூதக்கண்ணாடி, இங்கே துடைப்பம். எது புதுப்பித்தல் என்று வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

இந்த விவகாரம் கெடாவில் கிராணி வேலை பார்க்கும் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நமக்குத்தான் வேண்டும். துப்பறியும் தொழிலின் பாதி காகிதத்தில் இருக்கிறது. காகிதம் நம் மேஜையில் இருக்கிறது. 1891ல் வந்த ஹோம்ஸ் கதையொன்றில், தட்டச்சு யந்திரத்துக்கும் மனிதன் கையெழுத்தைப் போல் தனிக்குணம் உண்டென்று கண்டு, எழுத்தின் தேய்வைக்கொண்டே கள்ளனைப் பிடிக்கிறான் அவன். நம் செக்ரோல் புத்தகமும் அவ்வண்ணமே பேசும். அதில் ஒரு கோடு ஒரு மனிதனின் ஒரு நாட் கூலி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவன் அதே நாளில் வெளிக்காட்டில் மருந்தடித்ததாகக் கோடு விழுந்திருந்தால், அதைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அங்கே ஒரு திருட்டு கண் சிமிட்டும். ஊருக்குத் திரும்பிப் போனவன் பெயரில் சம்பளம் தொடர்ந்து ஏறினால், அது இன்னொன்று. குத்தகைக்காரன் பெட்டியில் இந்தோனேசியர், வங்காள தேசத்தார் கடப்பிதழ்கள் கட்டுக்கட்டாகப் பூட்டிக் கிடந்தால், அது மூன்றாவது. இவற்றுக்கு எந்தச் சீமைத் துப்பறிவோன் வருவான்?

குற்றங்களுக்கு நம் பக்கம் பஞ்சமா? பூஜாங் பள்ளத்தாக்கைப் பாருங்கள். கடாரம் என்று மேடைதோறும் மார்தட்டுகிறோம். அங்கே பதினோராம் எண்ணிட்ட சண்டி, அதாவது ஆயிரம் ஆண்டைத் தாண்டியதென்று சொல்லப்பட்ட கோயிலின் எச்சம், வீடமைப்புக்காக இடித்துத் தள்ளப்பட்ட செய்தி 2013 டிசம்பரில் வெளியாயிற்று. இடித்தவர் யார், இடம் யாருடையது, அது ஏன் பாதுகாப்புப் பட்டியலில் ஏறவில்லை, ஏறாததற்கு எந்த மேஜையில் எந்தக் கோப்பு தூங்கிற்று? நான்கு வாரத் தொடருக்கு இதைவிட நல்ல மர்மம் வேண்டுமா? பிணம் இங்கே கல்லாய் இருக்கிறது, அவ்வளவே வித்தியாசம்.

களைக்கொல்லி மருந்தைப் பாருங்கள். பராகுவாட் என்னும் விஷத்தை 2002ல் தடுக்கப் புகுந்த அரசாங்கம் 2006ல் கதவைத் திறந்துவிட்டது. முழுத்தடை 2020 சனவரி முதல் தேதிதான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் செம்பனைக் காட்டில் முதுகில் தொட்டியைச் சுமந்து அதை அடித்தவர்களில் பெருந்தொகையினர் பெண்கள். நகம் கழன்றும், கண் எரிந்தும், மூக்கில் இரத்தம் கசிந்தும் அவதிப்பட்டவர்கள். விஷம் கொடுத்துக் கொல்லும் கதை துப்பறியும் இலக்கியத்தின் முதற்பாடம். பாட்டிலில் பெயரெழுதிக் கணக்கெழுதிக் கொடுக்கப்பட்ட விஷமானால் மட்டும் அது குற்றமாகாதோ?

இன்னும் பின்னே போங்கள். 1942லும் 1943லும் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இரும்புப்பாதை போட்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து அள்ளிச் செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் அங்கே மாண்டனர். வெள்ளைக் கைதிகளுக்குக் கல்லறையும் பெயர்ப்பலகையும் உண்டு. நம் பாட்டன்மார்க்குப் பெயரே இல்லை. பெயரில்லாப் பிணத்துக்குப் பெயர் கண்டுபிடிப்பதல்லவா துப்பறிவோன் வேலை? 1947ல் பீடோங் வட்டாரத்தில் கள்ளுக்கடையை எதிர்த்துத் தொண்டர் படையினர் எழுந்தபோது போலீஸார் பாய்ந்து உயிர்ப்பலி நேர்ந்ததே, அந்தக் கோப்பை எத்தனை பேர் புரட்டினோம்? ஐம்பதுகளில் தோட்டத் துண்டாடல் வந்து, லயத்தில் பிறந்தவன் லயத்திலிருந்தே விரட்டப்பட்டானே, அந்தச் சொத்து யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று? இந்நாட்டிலேயே பிறந்தும் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல், நீல அடையாள அட்டை கிடையாமல் அலைவோர் நம்முள் மலிந்திருந்தமையால்தானே 2011ல் 'மைடப்தார்' என்று ஒரு பதிவு இயக்கமே நடத்த வேண்டியதாயிற்று! ஹோம்ஸ் காலணி மண்ணைப் பார்த்து ஒருவன் எவ்வூரான் என்று சொல்வான். இவர்களைப் பார்த்து எந்நாட்டார் என்று சொல்லட்டுமே பார்க்கலாம்.

எல்லாவற்றினும் கொடியது ஒன்றுண்டு. 2009 சனவரியில் சிலாங்கூரில் போலீஸ் காவலிலிருந்த ஒரு தமிழிளைஞர் இறந்தார். முதற் பிரேதப் பரிசோதனை, நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது. குடும்பத்தார் விடாது கேட்டு நடந்த இரண்டாம் பரிசோதனை, அடிபட்டுத் தசை சிதைந்து சிறுநீரகம் செயலற்றதே காரணம் என்றது. 2013ல் உயர் நீதிமன்றம் போலீஸும் அரசாங்கமும் இதற்குப் பொறுப்பென்று தீர்ப்பளித்தது. ஒரே உடல், இரண்டு அறிக்கைகள். துப்பறியும் கதைக்கு இதைவிடக் கூரிய முடிச்சை எவன் கற்பனை செய்வான்? ஆனால் நம் திரைகளில் தோட்டத்துப் பையன் தோன்றினால் எப்படித் தோன்றுகிறான்? கையில் பாராங்கத்தியோடு குண்டர் கும்பலில் ஒருவனாக. துப்பறியும் கதை எழுதுகிறவன் யாரைச் சந்தேகிக்கக் கற்பிக்கிறானோ, அவனையே பார்வையாளனும் சந்தேகிப்பான். தெருவில் நிற்கும் போலீஸ்காரனும் அந்தத் தொடரைப் பார்ப்பவன்தானே! கதைதானே என்று தள்ளிவிட முடியாத விஷயம் இது. உயிர் சம்பந்தப்பட்டது.

பொழுதுபோக்குக் கதையில் பிரசாரம் எதற்கு என்று ஒரு கூட்டம் உடனே எழும். அவர்களை ஹோம்ஸ் கதைகளையே திரும்பப் படிக்கச் சொல்லுவோம். நாம் மேலே சொன்ன தட்டச்சுக் கதையில் கள்ளன் யார்? மாற்றாள் மகளின் வருமானம் கையைவிட்டுப் போகாதிருக்கத் தானே காதலனாக வேடமிட்டு அவளை ஏய்த்த சிற்றப்பன். 1892ல் வந்த 'புள்ளிப் பட்டை' கதையில் பாம்பை ஏவியவன் யார்? பெண்கள் மணம் செய்துகொண்டால் சொத்தில் பங்கு போய்விடுமே என்று கொலை செய்த இன்னொரு சிற்றப்பன். பெண்ணுக்குரிய பொருளை ஆண் விழுங்கும் அநியாயத்தை எடுத்து, மயிர்க்கூச்செறியும் கதையாக்கினார் டாயில். அவற்றைப் பிரசாரம் என்று எவரும் மூடி வைக்கவில்லை. நூறாண்டு கடந்தும் விழித்திருந்து படிக்கிறார்கள். நியாயம் கதையைச் சலிப்பாக்குவதில்லை. எழுதத் தெரியாமையே சலிப்பாக்கும்.

ஆகவே தொடர் எடுக்க எண்ணும் தோழர்களுக்கு நாம் சொல்வது இதுவே. கோவிந்தனைக் கொண்டுவாருங்கள், ஆனால் மடத்துக்குள் நுழைந்த அதே துணிவோடு அவன் தோட்ட ஆபீஸிலும், ரியல் எஸ்டேட் கம்பெனியிலும், லாக்கப் அறையிலும் நுழையட்டும். அவனுக்கு ஒரு தோழி இருக்கட்டும்; அவள் பெருக்குவதற்கல்ல, அவனுக்குத் தெரியாததைக் கண்டுபிடிப்பதற்கு. மாந்திரீகனும் சாமியாடியும் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும் காட்சியை அறவே ஒழியுங்கள். பகுத்தறிவைத் தவிர வேறு துணை துப்பறிவோனுக்கு எதற்கு? கதை சென்னையிலேயே நடக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சுங்கை பட்டாணியிலும், கூலிமிலும், பாடாங் செராயிலும் நடக்கட்டும். வேலைக்காரியை முதலில் சந்தேகிக்கும் வழக்கத்தை விட்டு, முதலாளியின் கணக்குப் புத்தகத்தை முதலில் திறக்கட்டும்.

இவற்றில் ஒன்றும் செய்யாமல், பழைய ஆளுக்குப் புதுச் சட்டை போட்டுப் புதுப்பித்துவிட்டோம் என்று பறையறைவீர்களானால், அது பழைய வீட்டுக்கு வெள்ளையடித்து வாடகையை உயர்த்தும் வேலையே. பார்ப்பவர் தமிழர், பணம் கொடுப்பவரும் தமிழர். தங்கள் வீட்டுக் கூடத்தில் தங்கள் பிள்ளையையே கள்ளனாகக் காட்டும் படப்பெட்டிக்கு இனிப் பணம் கட்டோம் என்று அவர்கள் சொல்லும் நாளை நாம் எதிர்பார்க்கிறோம். அந்நாள் வரவேண்டுமானால் இதைச் சொல்லிக்கொண்டேயிருக்க வேண்டியது நம் எல்லாருடைய கடமையுமாகும்.